விலைப்பட்டியலில் இரண்டாவது கையெழுத்து

யோகேந்திரனைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். 1998 பெப்ரவரி. கண்டியில், புத்தரின் புனிதப்பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸைப் பேராதனைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த மூவரைத் தனியாக நிற்க வைத்தார்கள். மற்ற இருவரையும் அரை மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். யோகேந்திரனுடைய சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கொப்பி இருந்தது.

கொப்பியின் நடுப்பக்கங்களில் தமிழில் ஒரு விலைப்பட்டியல். காயம் ஆற்றும் மருந்து, ஒருமுறை, 50. மறைவு மருந்து, ஒருமுறை, 300. தீக்குடுவை, ஒருமுறை, 150. இப்படிப் பதினான்கு வரிகள். அநேகமாக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில், வேறு மையில், பேரம் எழுதியிருந்தது. ‘200 போதும்.’ ‘100. அஞ்சுக்கு மேல எடுத்தா கழிவு குடுக்கணும்.’ ‘இந்த விலைக்கு இது தேங்கும்.’

தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதை வரி வரியாகச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். தீக்குடுவை ‘கினி போத்தல’ ஆயிற்று, நெருப்புப் போத்தல். மறைவு மருந்துக்கு அவருக்குச் சொல் அகப்படவில்லை. ஒளித்து வைக்கும் மருந்து என்று எழுதினார். அந்தச் சிங்களத் தாளை மட்டும் வாசித்தவர்களுக்கு அது என்ன பட்டியல் என்பதில் சந்தேகமே வரவில்லை.

உண்மையில் அது ஒரு விளையாட்டுக்கான பட்டியல். லண்டனில் இருந்த மச்சான் ஒருவன் ஆறு வருடங்களுக்கு முன் யோகேந்திரனுக்கு அனுப்பிய பெட்டியில் வந்த விளையாட்டு அது. இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள், பலவித முகங்கள் கொண்ட பகடைகள். பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருந்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். குகைக்குள் போவதற்கு முன் கடையில் மருந்தும் மந்திரச் சுருளும் வாங்க வேண்டும். காசு பொன்னில். புத்தகத்தில் போட்டிருந்த விலைகள் யோகேந்திரனுக்குப் பிடிக்கவில்லை. அவன் மாநகர சபையில் வரி மதிப்பீட்டுப் பகுதியில் கிளார்க். ஒரு வீட்டுக்கு என்ன பெறுமதி, ஏன் அந்தப் பெறுமதி என்று பதினாறு வருடங்களாக எழுதி வந்தவன். ஒருமுறை பாவித்ததும் இல்லாமல் போகிற சாமானுக்கு விலை வைப்பதைப்போலக் கஷ்டமான மதிப்பீடு வேறில்லை என்று அவன் சொல்லுவான். அவன் மனைவி லீலாதேவி அதைக் காதில் வாங்கியதில்லை. நாற்பத்திரண்டு வயது மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் கெலிஓயாவுக்குப் போய்ச் சின்னப்பிள்ளை விளையாட்டு விளையாடுகிறார் என்று அவளுக்கு உள்ளூர வெட்கம். அங்கே ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நளீர்தான் கதையை நடத்துகிறவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அவனைப் பார்க்க ஐந்து நிமிடம் தந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். இடது கை வீங்கியிருந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டு கையைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

“சாப்பாடு தாறாங்களோ?”

“ஓம். இஞ்சரும், நான் சொல்லிறதைக் கேளும். கொப்பியில இருக்கிற எல்லாம் நான்தான் எழுதினதெண்டு சொல்லிப்போட்டன். நீர் கெலிஓயாப் பக்கம் போகவேண்டாம்.”

“ஏன்?”

“போகவேண்டாம்.”

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தமிழில் பேச வேண்டாம் என்றார்.

இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கியவர். குரலை உயர்த்தாமல் பேசினார். கொப்பியை அவள் முன்னால் விரித்து, “இந்த இரண்டாவது எழுத்து யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டார். “உங்கள் கணவர் எல்லாம் தன்னுடையது என்கிறார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இது இரண்டு பேர் எழுதியது என்று குருடனுக்கும் தெரியும். இந்த ஆளைச் சொன்னால், இது விளையாட்டுத்தான் என்று அந்த ஆளும் வந்து சொன்னால், நான் யோசிக்கலாம். ஒளித்தால் நான் மேலே அனுப்ப வேண்டியதுதான்.”

லீலாதேவி தபாலகத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்பவள். முகவரி எழுதிய கையைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள். உருண்டையான எழுத்து, ‘ற’வின் கால் கீழே இழுபட்டு வளைந்திருந்தது. அதை அவள் வேறெங்கோ பார்த்திருந்தாள். போன வருடம் வாங்கிய கதவுப் பூட்டின் பில்லில். நளீரின் கடை பில்களை எழுதுவது நளீர் அல்ல, அவர் மனைவி றம்லத்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்து விளையாடியிருக்கிறாள், அவளோடு தன் புருஷன் வரி வரியாக விலை பேசியிருக்கிறான், தன்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை என்ற எண்ணம்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. வயரும் பற்றரியும் பைப்பும் விற்கிற கடைக்காரரின் வீட்டுப் பெண் எழுதிய பட்டியல். அதில் நெருப்புப் போத்தல்.

“கண்ணாடி கொண்டு வரவில்லை, சேர்” என்றாள். “கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துப் பிடிபடாது.”

இன்ஸ்பெக்டர் கொப்பியை மூடினார். “வெள்ளிக்கிழமை கண்ணாடியோடு வாங்க” என்றார்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் கெலிஓயாவுக்குப் போனாள். கடை பாதி திறந்திருந்தது. நளீர் அவளைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து, பின்பக்கம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முகம் காய்ந்துபோயிருந்தது. அவருக்கு முப்பத்தாறு வயது. அன்றைக்கு ஐம்பது மாதிரி இருந்தார்.

“அண்ணன் எப்படி இரிக்கிறார்?”

“இருக்கிறார்.”

“எங்கட பேர் சொன்னாரா?”

“சொல்லேல்லை. சொல்லவும் மாட்டார்.”

நளீர் கதிரையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். உள் அறை வாசலில் நின்ற றம்லத் முன்னால் வந்தாள். மெலிந்த பெண், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

“லீலாக்கா, நான் வாறேன். எழுதினது நான். நான் வந்து சொல்றேன்.”

“நீ எங்கயும் போறல்ல” என்றார் நளீர் முகத்தை எடுக்காமல். “நான் போறேன். நான் எழுதினண்டு சொல்றேன்.”

“உங்களுக்குத் தமிழ்ல எழுத வருமா? பேர் மட்டுந்தானே எழுதுவீங்க. எழுதிக் காட்டச் சொன்னா?”

நளீர் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. சுவரில் அவள் கீறிய படம் ஒட்டியிருந்தது. லீலாதேவி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது அவள் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. திட்டவேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

“ஒருத்தரும் வரவேண்டாம்” என்றாள். “எழுதினது நான் எண்டு சொல்லப்போறன்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“அவர் ஏன் பொய் சொன்னவர் எண்டு கேட்டா, பெஞ்சாதியைக் காப்பாத்தச் சொன்னவர் எண்டு நம்புவாங்கள். ஆனா எனக்கு இந்த விளையாட்டில ஒரு அட்சரமும் தெரியாது. றம்லத், ஒவ்வொரு விலையும் ஏன் வெட்டினீர் எண்டு எனக்குச் சொல்லித்தாரும்.”

நளீர் கடைக்குப் போய்விட்டார். றம்லத் அலுமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பெட்டியை எடுத்து வந்தாள். கொப்பி பொலிஸில் இருந்தது. ஆனால் அவளுக்குப் பட்டியல் மனப்பாடம். ஒரு தாளில் பதினான்கு வரியையும் எழுதினாள். லீலாதேவி அந்த விரல்கள் எழுத்தை வளைக்கிற விதத்தைக் கவனித்தாள்.

“அண்ணன்ட கணக்கு இது” என்றாள் றம்லத். “ஒரு மோதிரம் இரிக்கி. எத்தன தரம் போட்டாலும் ஆளை மறைக்கும். அது பதினைஞ்சாயிரம் பொன். ஒரு மனிசன் அதை எப்படியும் ஐம்பது தரம் பாவிப்பான் எண்டு அண்ணன் செல்றார். பதினைஞ்சாயிரத்தை ஐம்பதால பிரிச்சா முந்நூறு. அதால ஒருக்கா மறைக்கிற மருந்து முந்நூறு.”

“சரிதானே?”

“கணக்கு சரி. ஆக்கள் அப்படி இல்லக்கா. மோதிரம் வச்சிரிக்கிறவன் யோசிக்காமப் போடுவான். மருந்து வச்சிரிக்கிறவன் குடிக்கமாட்டான். இதவிடப் பெரிய ஆபத்து நாளைக்கி வரும், அதுக்கு வேணும் எண்டு பையிலயே வச்சிரிப்பான். எங்கட ஆட்டத்துல மூணு பேர் அப்படித்தான் உசிர் போய் மௌத்தானாங்க, பைக்குள்ள மருந்தோட. விலை கூடக்கூடக் குடிக்க மனசு வராது. மலிவா இரிந்தாத்தான் குடிப்பான், பிழைப்பான், திரும்பக் கடைக்கும் வருவான். அதான் நான் இருநூறுண்டு எழுதினேன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“அண்ணன் விடல்ல. அந்த ஒரு தரம் உயிர் போற தரம், உயிரை மலிவா விக்க ஏலாது எண்டார். ரெண்டு கிழமை சண்டை.”

சொல்லும்போது றம்லத்தின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. உடனே அவளே அதற்கு வெட்கப்பட்டவள்போலத் தலையைக் குனிந்தாள். லீலாதேவிக்கு அப்போது ஏதோ ஒன்று விளங்கியது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டில் தான் காது கொடுக்காத பேச்சுக்கு இங்கே ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

தீக்குடுவையை ஏன் நூறாக்கினாள், பூட்டுத் திறக்கும் சுருளுக்கு ஏன் விலையைக் கூட்டினாள், ஐந்துக்கு மேல் வாங்கினால் கழிவு ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு பதினோராவது வரிக்கு வந்தார்கள். இறந்தவரை எழுப்பும் சுருள், ஒருமுறை. அதற்கு நேரே விலை இல்லை. றம்லத் இரண்டு எண்களை எழுதி இரண்டையும் வெட்டிக் காட்டினாள்.

“இதுக்கு ஏன் இல்லை?”

“அண்ணன் முதல்ல ஐயாயிரம் எண்டார். நான் வெட்டி ரெண்டாயிரம் போட்டேன். பிறகு அதையும் அவரே வெட்டினார். அண்டைக்கி அதோட கொப்பியை மூடிட்டார். ஏன்டு செல்லல்ல.”

லீலாதேவிக்குத் தெரியும். யோகேந்திரனுடைய தம்பி சோதிலிங்கத்தை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நாவலப்பிட்டியிலிருந்து வரும் வழியில் அடித்துக் கொன்றார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அவள் அதை றம்லத்திடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் வேலைக்கு நடுவே, பிழையாகப்போன காசுக்கட்டளைப் படிவங்களின் பின்பக்கத்தில் அந்த எழுத்தை எழுதிப் பழகினாள். ‘ற’வின் கால் மட்டும் கடைசிவரை அவள் கைக்கு முழுதாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடியும் பெட்டியுமாகப் போனாள். இன்ஸ்பெக்டரின் மேசையில் புத்தகங்களை விரித்தாள். ஆங்கிலப் புத்தகத்தின் மருந்துப் பக்கத்தையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருபது முகப் பகடையை அவர் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, உருட்டாமல் திரும்ப வைத்தார்.

“இரண்டாவது எழுத்து என்னுடையது” என்றாள்.

“செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லவில்லை?”

“பயமாக இருந்தது.”

“உங்கள் கணவர் உங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னாரா?”

“ஆமாம்.”

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் தள்ளினார். கொப்பியில் விரலை வைத்துச் சில வரிகளைக் காட்டி எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். அவர் தாளைக் கொப்பிக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் காட்டிய வரிகளில் ‘ற’வும் இருந்தது; அதன் காலை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு விலைகளைக் கேட்டார். ஏன் முந்நூறு இருநூறாயிற்று? அவள் மோதிரத்தைச் சொன்னாள், பையில் மருந்தோடு செத்த மூன்று பேரைச் சொன்னாள். ஏன் கழிவு? விலை குறைந்தால் ஆட்கள் துணிந்து பாவிப்பார்கள் என்று சொன்னாள். இடையில் அவர் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது வரிக்கு வந்தபோது கான்ஸ்டபிளின் சிங்களத் தாளை வாசித்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

“இதற்கு மட்டும் விலை இல்லை.”

“இல்லை.”

“ஏன்?”

சோதிலிங்கத்தின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. தம்பியைக் கொன்றார்கள் என்று சொன்னால் அது அனுதாபம் ஆகுமா, பழிவாங்கக் காரணம் ஆகுமா என்று யோசித்து விழுங்கினாள்.

“எந்த விலை போட்டாலும் பிழையாகத்தான் வந்தது, சேர்” என்றாள். “கூட்டிப் போட்டால் காசில்லாதவன் கடை வாசலில் நின்று அழுவான். குறைத்துப் போட்டால், இவ்வளவு மலிவாக இருந்ததை ஏன் நேரத்துக்கு வாங்கி வைக்கவில்லை என்று மற்றவன் அழுவான். இரண்டும் எங்களால் முடியவில்லை. விட்டுவிட்டோம்.”

இன்ஸ்பெக்டர் பேனையை மூடி வைத்தார். வெளியே யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

“அன்றைக்கு மாளிகை வாசலில் நான் நான்கு பேரைத் தூக்கினேன்” என்றார் பிறகு. “ஒன்று சின்னப்பிள்ளை.” அவர் அதை அவளுக்குச் சொன்னதுபோல இல்லை. உடனே தாளை எடுத்து வாக்குமூலம் எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். சிங்களம் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களின் கதைகள் அவளுக்குத் தெரியும். மூன்றாவது பந்தியில் ‘கினி போத்தல’ என்றிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இதற்கு முன்னால் ‘விளையாட்டில் வரும்’ என்று போட வேண்டும், சேர்.”

“அது மேலே சொல்லியிருக்கிறது.”

“இங்கேயும் போட வேண்டும்.”

அவர் இடையில் எழுதினார். அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னாள். அதையும் போட்டார்.

“இதில் கையெழுத்து வைத்தால் இது உங்களுடைய எழுத்து. பிறகு மாற்ற முடியாது. விளங்குகிறதா?”

“விளங்குகிறது” என்றாள், கையெழுத்து வைத்தாள்.

அவனை உடனே விடவில்லை. தடுப்புக் காவல் உத்தரவு ஏற்கெனவே போய்விட்டது என்றார்கள். வேறிடத்துக்கு மாற்றினார்கள். முப்பத்தொன்பது நாட்கள் கழித்து, மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். இடது கையின் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு முதலில் கேட்டது:

“றம்லத் பொலிசுக்கு வந்தவவோ?”

“இல்லை.”

“‘உன்ர மனுசி ஒத்துக்கொண்டிட்டா’ எண்டு சொன்னாங்கள். நான் ஒண்டும் பேசேல்லை. அடிச்சபோது அழேல்லை. அண்டைக்குத்தான் அழுதனான்.” வெறும் கிளாஸைத் திருப்பித் தந்தான். “விலை ஏன் குறைச்சதெண்டு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்கள். மருந்து வாங்கினவன் குடிக்காமலே செத்துப்போவான் எண்டு சொன்னன்.”

“அது அவவின்ர வாதம்.”

“எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டுது.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஆறு வருசமா என்னட்டை ஒருக்காலும் சொல்லேல்லையே” என்றாள் அவள்.

“நீர் கேக்கேல்லை” என்றான் அவன். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவள் உலையில் அரிசி போடப் போனாள்.

சித்திரையில் நளீர் ஒரு முறை வந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். “நான் வந்திரிக்கணும், அண்ணன்” என்றார் நளீர். “வந்திருந்தா ரெண்டு பேரும் உள்ளுக்கு இருந்திருப்பம்” என்றான் யோகேந்திரன். நளீர் எழுந்து போனார். அதன்பிறகு அவர்கள் சேர்ந்து விளையாடவில்லை. பெட்டியைப் பொலிஸ் திருப்பித் தரவும் இல்லை.

ஆனால் வாக்குமூலம் பொலிஸின் ஃபைல் கோவையில் இருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை லீலாதேவி பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மே மாதம் ஒரு கடிதம் வந்தது. யோகேந்திரனுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. பேரம் பேசிய ஆள் என்று கோவையில் இருந்தது அவள் பெயர்தான்.

முதல் திங்கட்கிழமை அவள் போனபோது பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், புத்தகக் கடை வாசலில் றம்லத் நின்றாள். கெலிஓயாவிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள்.

“நீர் இஞ்ச நிக்கக்கூடாது.”

“நான் உள்ளுக்கு வரல்ல. வெளியால நிக்கிறேன்.”

ஒவ்வொரு மாதமும் நின்றாள். மழையில் குடையோடு நின்றாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். லீலாதேவி வெளியே வந்ததும் இருவரும் பஸ் நிலையம்வரை நடப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனைப் புள்ளிகளைப் பேசுவார்கள், மரக்கறி விலை பேசுவார்கள். யோகேந்திரனின் விரல்களைப் பற்றி றம்லத் கேட்பாள். அந்தப் பட்டியலைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

2002இல் யுத்த நிறுத்தம் வந்த பிறகு, ஏப்ரல் மாதத்து முதல் திங்கட்கிழமை, மேசையில் இருந்த புதிய சார்ஜன்ட் கோவையைப் புரட்டிப் பார்த்து, இனி வரத் தேவையில்லை என்றார். கடிதம் ஏதும் தரமாட்டீர்களா என்று கேட்டாள். கடிதம் இல்லை, வராவிட்டால் சரி என்றார்.

அவள் வெளியே வந்தபோது றம்லத் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா இவ்வளவு கெதியா?”

லீலாதேவி சொன்னாள். றம்லத் கேட்டுவிட்டு, குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். கெலிஓயா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. லீலாதேவி கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். சந்தைப் பக்கமாக நடந்தார்கள்.